கட்டுரை தயார். எங்கே அனுப்புவது?

ஓர் ஆய்வை முடித்து, கட்டுரையை எழுதி, உடன் உழைத்தவர்கள் அனைவரும் கடைசி வரைவுக்குச் சம்மதம் சொன்ன அன்று மாலை எழும் கேள்வி இது. முன்பெல்லாம் இதற்கு விடை தேட வேண்டியதில்லை. துறையின் மிகப் பெரிய ஆய்விதழுக்கு அனுப்பு, மறுத்தால் அடுத்ததற்கு அனுப்பு, அதுவும் மறுத்தால் இன்னும் ஒரு படி இறங்கு. இன்று ஏணி ஒன்றல்ல. வாசகர் சந்தா கட்டிப் படிக்கும் பழைய ஆய்விதழ், எழுதியவர் பணம் கட்டி எல்லோருக்கும் திறந்துவிடும் ஆய்விதழ், இருவருமே காசு கொடுக்கத் தேவையில்லாத ஆய்விதழ், மதிப்பீட்டுக்குக் காத்திராமல் நேரே இணையத்தில் ஏற்றும் முன்பதிப்பு, அந்த முன்பதிப்போடு மதிப்பீட்டையும் சேர்த்தே வெளியிடும் புதிய முறை என ஐந்து வழிகள் எதிரே இருக்கின்றன.

என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் "எதற்கு மதிப்பு அதிகம்?" என்றே கேட்கிறார்கள். வேலையும் உதவித்தொகையும் பதவி உயர்வும் அதை நம்பியே இருக்கும்போது அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனாலும் வேறொரு கேள்வியை முதலில் கேட்கச் சொல்வேன்: இந்தக் கட்டுரையில் ஒரு பிழை இருப்பது நாளை தெரியவந்தால், அங்கே என்ன நடக்கும்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் பழைய கட்டுரை ஒன்று. அச்சாகி ஓராண்டு கழித்து, அதில் இருந்த ஓர் அட்டவணையில் ஒரு நிரலின் அலகு மாறியிருப்பதைக் கண்டேன். பிழை என்னுடையது. அன்றே ஆய்விதழுக்கு எழுதினேன். திருத்தக் குறிப்பு வெளிவர 14 மாதங்கள் ஆயின. அதற்குள் வேறு இரண்டு குழுக்கள் அந்தத் தவறான எண்களை எடுத்துத் தங்கள் கணக்கில் சேர்த்துவிட்டன. அவர்களுக்கு நானே மடல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். வெளியிடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பெயர் சார்ந்த முடிவு மட்டுமல்ல, பொறுப்பு சார்ந்த முடிவும்கூட என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய ஆய்விதழ்

சந்தா ஆய்விதழின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எழுதுபவர் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டாம். தேர்வுக் குழுவினர் அதன் பெயரைப் பார்த்தவுடன் தலையசைப்பார்கள். துறை வல்லுநர்கள் படித்துப் பார்த்து ஏற்றது என்ற முத்திரையும் கிடைக்கும்.

அந்த முத்திரை நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அல்ல. ஹென்றி ஓல்டன்பர்க் லண்டனில் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கியது 1665இல். ஆனால் நேச்சர் இதழ் வெளி வல்லுநர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படிப்பட்ட மதிப்பீடு இல்லாமலே அதே நேச்சரில் வந்தது. மதிப்பீடு தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. என் கட்டுரைகள் பலவற்றைக் காப்பாற்றியது முகம் தெரியாத மதிப்பீட்டாளர்களின் கண்தான். இரண்டு மூன்று பேர், ஊதியமின்றி, சில மணி நேரம் ஒதுக்கிப் படிப்பதே அந்த மதிப்பீடு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. கொடுத்த தரவு உண்மை என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

அந்த நம்பிக்கை உடைந்தபோது என்ன ஆயிற்று? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு, வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட கட்டுரை 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். பன்னிரண்டு ஆண்டுகள்! அதே லான்செட் 2020 மே 22 அன்று, கொரோனா நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி 671 மருத்துவமனைகளின் தரவு என்று சொல்லி ஒரு கட்டுரையை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பகிரங்கக் கடிதத்தில் சந்தேகம் எழுப்பினார்கள். தரவைத் தந்த நிறுவனம் அதைத் தணிக்கைக்குக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதல் பிழைக்குப் பன்னிரண்டு ஆண்டுகள், இரண்டாவதற்குப் பதின்மூன்று நாள்கள். ஆய்விதழ் மாறவில்லை. உலகமே ஒரே கேள்வியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வேகத்துக்கு அதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் கட்டுரையை உலகம் அப்படி உற்றுப் பார்க்கப்போவதில்லை. அல்சைமர் நோய் பற்றி 2006இல் நேச்சரில் வந்த, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையின் படங்களில் கைவைக்கப்பட்டிருக்கிறது என்ற குற்றச்சாட்டு பெரிதாக வெடித்தது 2022இல். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024இல். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கட்டுரையின் முடிவை நம்பித் தங்கள் இளமையைச் செலவிட்ட ஆராய்ச்சி மாணவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே பழைய ஆய்விதழ் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதானால், அதன் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) பார்க்கும் முன் அது பிழைகளைத் திருத்தும் வழக்கத்தைப் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்திலும், கட்டுரைகளின் குறைகளை வாசகர்கள் விவாதிக்கும் பப்பியர் தளத்திலும் அந்த இதழின் பெயரைத் தேடினால் அரை மணி நேரத்தில் ஒரு சித்திரம் கிடைத்துவிடும். திரும்பப் பெறுதலே இல்லாத இதழைவிட, காரணத்தைத் தெளிவாக எழுதித் திரும்பப் பெறும் இதழையே நான் நம்புகிறேன். ஏற்கப்பட்ட வரைவை நாமே பொதுத்தளத்தில் வைக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல இதழ்கள் அனுமதிக்கின்றன. இல்லையென்றால் சந்தா கட்ட முடியாத நூலகங்களில் இருப்பவர்களுக்கு நம் கட்டுரை எட்டாக்கனியாகிவிடும்.

பணம் கட்டித் திறப்பது

2002இல் வெளியான புடாபெஸ்ட் திறந்த அணுகல் அறிக்கை ஒரு நல்ல கனவு: அறிவைப் படிக்க யாரும் பணம் கொடுக்க வேண்டாம். செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு வெளியீட்டாளர்கள் பலர் கண்டுபிடித்த விடை, எழுதுபவரிடம் வாங்குவது. நேச்சர் இதழ் 2020இல் இந்த வழியை அறிவித்தபோது ஒரு கட்டுரைக்கு நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. நியூரோஇமேஜ் இதழின் கட்டணம் 3,450 டாலராக இருந்தபோது, அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்டும் வெளியீட்டாளரான எல்செவியர் மறுத்ததால், 2023இல் அதன் ஆசிரியர் குழுவில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மொத்தமாக விலகி வேறொரு இதழைத் தொடங்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு உண்மையாகவே உற்சாகமாக இருந்தது.

தொகை பெரியது என்பதைவிட, அது எப்போது கைமாறுகிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கட்டுரையை ஏற்றால் வருமானம், மறுத்தால் நட்டம். நேர்மையான இதழாசிரியரைக்கூட இந்த அமைப்பு ஒரு பக்கமாக இழுக்கிறது. நேர்மையற்றவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். 2013இல் சயன்ஸ் இதழுக்காக ஒரு செய்தியாளர், பள்ளி வேதியியல் தெரிந்தவரே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளோடு ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து, பணம் வாங்கி வெளியிடும் 304 திறந்த அணுகல் ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன.

அதைவிடப் பெரிய சரிவு ஹிந்தாவியில் நேர்ந்தது. வைலி நிறுவனம் 2021இல் 298 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கிய வெளியீட்டகம் அது. விருந்தாசிரியர்கள் நடத்தும் சிறப்பிதழ்கள் வழியாக, பணத்துக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் ஆலைகள் உள்ளே நுழைந்துவிட்டன. 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பிறகு ஹிந்தாவி என்ற பெயரையே வைலி கைவிட்டது. அங்கே நேர்மையாக உழைத்து எழுதியவர்களும் இருந்தார்கள். தங்கள் விவரக்குறிப்பில் அந்த இதழின் பெயரை எழுதும்போது அவர்கள் இன்று தயங்க வேண்டியிருக்கிறது. பிழை நேர்ந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி நம் பிழைக்கு மட்டுமல்ல, அடுத்தவர் பிழைக்கும் பொருந்தும் என்பது இதனால்தான்.

பணம் வாங்கும் இதழ்கள் எல்லாமே மோசம் என்று சொன்னால் அது அநியாயம். 2006இல் தொடங்கிய பிளாஸ் ஒன், முடிவு பரபரப்பானதா என்று பார்க்காமல் செய்முறை சரியானதா என்று மட்டும் பார்ப்போம் என்றது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று சொல்லும் கட்டுரைகளுக்கு அதனால் ஓர் இடம் கிடைத்தது. நிறுவனமோ நிதி வழங்கியவரோ கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, இதழும் துறையில் நன்கு அறியப்பட்டதாக இருந்தால் தாராளமாக அனுப்பலாம். உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து கட்ட வேண்டும் என்றால், வேண்டாம் என்பதே என் பதில். "மதிப்பிற்குரிய பேராசிரியர்" என்று தொடங்கி, உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத சிறப்பிதழுக்கு அழைத்து, பத்து நாளில் முடிவு சொல்கிறோம் என்று வாக்களிக்கும் மின்னஞ்சலை நீக்கிவிடுங்கள்.

யாரும் பணம் கட்டாத இடங்கள்

இந்த வகை இதழ்களைப் பற்றி மாணவர்கள் அதிகம் கேள்விப்படுவதில்லை. பல்கலைக்கழகமோ ஆய்வாளர் சங்கமோ செலவை ஏற்க, துறையினரே நடத்தும் இதழ்கள் இவை. லத்தீன் அமெரிக்காவில் சியெலோ என்ற பொது அமைப்பு 1990களின் இறுதியிலிருந்து இந்த வழியை வளர்த்துவருகிறது. 2001இல் இயந்திரக் கற்றல் துறையின் 'மெஷின் லேர்னிங்' இதழின் ஆசிரியர் குழுவில் இருந்த 40 பேர் விலகி, 'ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்' என்ற கட்டணமில்லா இதழின் பக்கம் நின்றார்கள். இன்று அந்தத் துறையின் தலைசிறந்த இதழ்களில் அதுவும் ஒன்று. கணிதர் டிமதி கோவர்ஸ் முன்னின்று தொடங்கிய 'டிஸ்கிரீட் அனாலிசிஸ்' இன்னும் எளிமையானது. கட்டுரை, முன்பதிப்புகளை வைத்திருக்கும் ஆர்க்கைவ் தளத்திலேயே இருக்கும், இதழ் அதை மதிப்பிட்டு இணைப்புக் கொடுக்கும்.

இவற்றின் பலவீனம் மனித உழைப்பு. தன்னார்வலர்கள் களைத்துப்போனால் இதழ் தள்ளாடும். சில ஆண்டுகளுக்கு முன் வெளியான ஓர் ஆய்வு, 2000க்கும் 2019க்கும் இடையே 170க்கும் மேற்பட்ட திறந்த ஆய்விதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதைக் கண்டறிந்தது. எனவே அனுப்பும் முன், லாக்ஸ், க்ளாக்ஸ் போன்ற நெடுங்காலக் காப்பகங்களில் அந்த இதழ் சேமிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், என் மனம் இந்த வழிக்கே முதலிடம் கொடுக்கிறது. கட்டுரையை ஏற்பதிலும் மறுப்பதிலும் யாருக்கும் லாபமோ நட்டமோ இல்லாத இடத்தில்தான் ஒரு பிழையைப் பற்றி நிதானமாகப் பேச முடியும்.

முன்பதிப்பு

பால் கின்ஸ்பார்க் 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய மின்னஞ்சல் சேவைதான் இன்றைய ஆர்க்கைவ். இயற்பியலாளர்களும் கணிதர்களும் கட்டுரையை முதலில் அங்கே ஏற்றுவதைப் பல ஆண்டுகளாக இயல்பான ஒன்றாகக் கொண்டிருக்கிறார்கள். 2013இல் உயிரியலுக்குப் பயோஆர்க்கைவும், 2019இல் மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவும் வந்தன.

முன்பதிப்பின் வலிமையைச் சொல்ல கிரிகோரி பெரல்மானைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நெடுங்காலம் விடை கிடைக்காதிருந்த கணிதப் புதிரான புவான்கரே ஊகத்துக்கான நிரூபணத்தை 2002 நவம்பர் முதல் மூன்று முன்பதிப்புகளாக ஆர்க்கைவில் ஏற்றினார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. உலகின் தேர்ந்த கணிதர்கள் பல ஆண்டுகள் வரி வரியாகச் சரிபார்த்தார்கள். பிறகு கணிதத்தின் உயரிய விருதான பீல்ட்ஸ் பதக்கமும் பத்து லட்சம் டாலர் பரிசும் அவரைத் தேடி வந்தன. இரண்டையும் அவர் மறுத்துவிட்டார். மதிப்பீடு என்பது ஆய்விதழின் சொத்து அல்ல, அக்கறையுள்ள வாசகர்களின் உழைப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று, புதிய கொரோனா வைரசில் எச்.ஐ.வி.யின் கூறுகள் இருப்பதாகச் சொன்ன முன்பதிப்பு ஒன்று பயோஆர்க்கைவில் ஏறியது. துறையினர் அதே தளத்தில் குறைகளைச் சுட்டிக்காட்ட, எழுதியவர்கள் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த நாள்களுக்குள் அது வதந்தியாகி ஊரெங்கும் பரவிவிட்டது. 2023 ஜூலையில் வந்த எல்கே-99 முன்பதிப்பின் கதையும் இப்படித்தான். சாதாரண அறை வெப்பத்திலேயே தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள், அதாவது மீக்கடத்தி, கிடைத்துவிட்டது என்றது அது. உலகெங்கும் ஆய்வகங்கள் அந்தப் பொருளைச் செய்து பார்த்து, சில வாரங்களில் அது மீக்கடத்தி அல்ல, காப்பர் சல்பைடு கலப்புதான் அப்படித் தோன்ற வைத்தது என்று காட்டின. பலர் இதை முன்பதிப்பின் தோல்வி என்றார்கள். எனக்கு அது வெற்றியாகத் தெரிகிறது. ஓர் உரிமைகோரல் வந்தது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் சோதிக்கப்பட்டது, ஒரு மாதத்துக்குள் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் தவறு பரவிவிடும் என்பதால்தான் நோயாளியின் சிகிச்சையைத் தொடும் ஆய்வை மட்டும் முன்பதிப்பாக ஏற்றத் தயங்குவேன். எல்கே-99ஐ நம்பி யாரும் மருந்தை நிறுத்தவில்லை.

திருத்தம் செய்வதில் முன்பதிப்பை எதுவும் மிஞ்சாது. இரண்டாம் பதிப்பை ஏற்றலாம், முதல் பதிப்பும் கண்ணில்படும்படி அங்கேயே இருக்கும், என்ன மாறியது என்று ஒரு வரி எழுதலாம். என்னுடைய அந்த அட்டவணை முன்பதிப்பில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் சரியாகியிருக்கும். யாராவது நம் கருத்தை முந்திக்கொண்டு வெளியிட்டுவிடுவார்களோ என்று பயப்படுபவர்களுக்கும், தேதியோடு பதிவாகும் முன்பதிப்பே நல்ல காப்பு.

முன்பதிப்போடு மதிப்பீடு

ஈலைஃப் இதழ் 2023இல் துணிந்து ஒன்றைச் செய்தது. மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட கட்டுரையை இனி ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. முன்பதிப்பையும் மதிப்பீட்டாளர்களின் கருத்தையும் ஆசிரியர் குழுவின் கணிப்பையும் ஒன்றாகவே வெளியிடும். சான்று வலுவானதா, போதாததா என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். அறிவு நேர்மைக்கு இதைவிட நெருக்கமான முறையை நான் பார்த்ததில்லை. அதற்கு அது கொடுத்த விலை, தாக்கக் காரணியை இழந்தது. உங்கள் தேர்வுக் குழு அந்த எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கும் என்றால் இந்த வழி இப்போதைக்கு உங்களைக் காயப்படுத்தும். நிலையான பணியில் இருப்பவர்கள் முதலில் இதில் நடந்து, பின்னால் வருபவர்களுக்குப் பாதையை அகலப்படுத்த வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எல்லா வழிகளிலும் நிற்கிறது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைக் கடந்தாக வேண்டும். சாட்ஜிபிடி வந்த இரண்டே மாதங்களில், 2023 ஜனவரியில், மென்பொருளைக் கட்டுரையாளராக ஏற்க முடியாது என்று நேச்சரும் சயன்சும் அறிவித்துவிட்டன. ஆனாலும் 2024 பிப்ரவரியில், கணினி வரைந்த, உடற்கூற்றியலுக்கே பொருந்தாத எலியின் படம் ஒன்று ஃபிரான்டியர்ஸ் வெளியீட்டகத்தின் இதழில் மதிப்பீட்டைத் தாண்டி வந்து, சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆர்க்கைவ்கூட 2025 அக்டோபரில், கணினியியல் பிரிவில் வேறெங்கும் மதிப்பிடப்படாத தொகுப்புக் கட்டுரைகளை இனி ஏற்க மாட்டோம் என்றது. கணினி எழுதிக் குவிப்பதைச் சலிக்க ஆளில்லை.

என்னை மிகவும் கலங்கவைத்தது 2025 ஜூலையில் வந்த செய்தி. ஆர்க்கைவில் இருந்த சில கட்டுரைகளில், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, "நல்ல மதிப்பீடு மட்டும் கொடு" என்ற கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. மதிப்பீட்டாளர் தான் படிக்காமல் மென்பொருளைப் படிக்கச் சொல்வார் என்ற ஊகத்தில் வைத்த பொறி அது. எழுதுபவர், மதிப்பிடுபவர் இருவரும் சேர்ந்து வேலையைக் கைவிட்டால் எஞ்சுவது என்ன?

மொழித் திருத்தத்துக்கு மென்பொருளைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் மொழிக்காகவே மறுக்கப்பட்ட அநீதி நெடுங்காலமாக நடந்துவந்தது. அது குறைவது நல்லது. அதைப் பயன்படுத்தியதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மேற்கோள் பட்டியலை மட்டும் ஒருபோதும் அதனிடம் ஒப்படைக்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் கொடுத்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள்.

யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

நிலையான வேலை இன்னும் கிடைக்காதவர் என்றால், முன்பதிப்பாக ஏற்றிய அதே வாரத்தில், துறைச் சங்கம் நடத்தும் இதழுக்கோ கட்டணமில்லா இதழுக்கோ அனுப்புங்கள். முன்பதிப்பாக வந்ததை ஏற்போம் என்று அந்த இதழ் சொல்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கணிதம், இயற்பியல், கணினியியல் என்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. மருத்துவச் சிகிச்சை ஆய்வு என்றால் வேகத்தை விட்டுவிட்டு, புள்ளியியல் மதிப்பீட்டாளரைத் தனியாக வைத்திருக்கும் மருத்துவ இதழைத் தேடுங்கள். பேராசிரியராக அமர்ந்துவிட்டவர் என்றால் மதிப்பீட்டோடு கூடிய முன்பதிப்புக்கே போங்கள். உங்களோடு எழுதும் மாணவரின் பெயரும் அதில் இருக்கிறதே என்றால், முடிவை அவரிடம் விடுங்கள்.

எங்கே அனுப்பினாலும், மூலத் தரவையும் கணக்கிடப் பயன்படுத்திய கணினி நிரலையும் ஜெனோடோ போன்ற பொதுக் காப்பகத்தில் வைத்து, அதன் முகவரியைக் கட்டுரையில் எழுதுங்கள். தொடர்புக்கு நிறுவன மின்னஞ்சலை மட்டும் கொடுக்காதீர்கள். வேலை மாறினால் அது செயலிழந்துவிடும். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் உங்கள் மூன்றாம் அட்டவணையில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்று எழுதினால், அந்த மடல் உங்களை வந்து சேர வேண்டும்.